சாப்பிட மறுப்பது பிடிவாதமா, நோயா? உண்ணல் கோளாறுகள் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

உண்ணல் கோளாறுகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தாய்மார்கள் எழுதியவை. மனநலம், பொது மருத்துவம், உணவியல் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் சேர்ந்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம். எழுதியவர்கள் யாரென்று தெரியாதபடி ஊரையும் விவரங்களையும் மாற்றியிருக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் உடம்பைக் குறைக்கிறேன் என்று சோற்றை விட்டாள். பிறகு எண்ணெய், பிறகு பால். இப்போது எலும்பும் தோலுமாக இருக்கிறாள். யாரோடும் பேசுவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். ஆனால் நாள் முழுக்க சமையல் வீடியோ பார்க்கிறாள். எங்களுக்கு விதவிதமாகச் செய்து போட்டுவிட்டுத் தான் மட்டும் தொடுவதில்லை. மனச்சோர்வினால் சாப்பிடாமல் இருக்கிறாளா, சாப்பிடாததால் மனச்சோர்வு வந்ததா? எதற்கு முதலில் வைத்தியம் பார்ப்பது?
*ஒரு தாய், திருச்சி*

பதில்: இரண்டுமே நடக்கக்கூடியவை. ஆனால் வைத்தியத்தில் சாப்பாடுதான் முதலில். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் உங்கள் மகளின் சமையல் ஆர்வத்துக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். பட்டினியில் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எப்படி உணவூட்டி மீட்பது என்று அறிவதே நோக்கம். உடலும் மனமும் நன்றாக இருக்கிறவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து பங்கெடுத்தார்கள். முதல் 12 வாரம் வழக்கமான சாப்பாடு. அடுத்த 24 வாரம் அரைப்பட்டினி: நாளுக்குச் சராசரியாக 1,570 கலோரி. இன்று இணையத்தில் உலவும் பல டயட் அட்டவணைகள் இதைவிடக் குறைவாகவே கொடுக்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஆறு மாதத்தில் அவர்கள் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்தது.

குறைந்தது எடை மட்டுமல்ல. கலகலப்பாக இருந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள், எரிச்சலும் சோர்வும் வந்தன, படிப்பில் கவனம் நிற்கவில்லை. எப்போதும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் பிசைந்து பிசைந்து தின்றார்கள், காபியும் டீயும் அளவில்லாமல் குடித்தார்கள். சிலர் கட்டுப்பாடு இழந்து திருட்டுத்தனமாக அள்ளித் தின்றுவிட்டுக் குற்ற உணர்வில் துடித்தார்கள். ஒருவர் தன் கையையே காயப்படுத்திக்கொள்ளும் நிலைக்குப் போனார். இவர்கள் யாரும் மெலிய வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் அல்லர். பட்டினி கிடந்த மூளை செய்த வேலை அது. மறுபடி சாப்பாடு தரத் தொடங்கிய பின்னும் மனநிலை உடனே திரும்பவில்லை, அதற்கு மாதங்கள் பிடித்தன.

உங்கள் மகளின் எரிச்சல், மௌனம், சமையல் வீடியோ எல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அவள் குணம் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அனோரெக்ஸியா (எடை கூடவிடாமல் பட்டினி கிடக்கும் கோளாறு), புலிமியா (அள்ளித் தின்றுவிட்டு வாந்தி, பேதி மூலம் வெளியேற்றும் கோளாறு) உள்ள 672 பேரின் வாழ்க்கையை விசாரித்தபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஏதாவதொரு பதற்றக் கோளாறு இருந்தது தெரிந்தது. 41 சதவீதத்தினருக்கு எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி. பெரும்பாலானோருக்கு அந்தப் பதற்றம் உண்ணல் கோளாறு தொடங்குவதற்கு முன்பே, சிறு வயதிலேயே வந்திருந்தது. உங்கள் மகள் சின்ன வயதில் எப்படி இருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள். நோட்டில் ஒரு எழுத்து கோணினால் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிற பிள்ளையா? பரீட்சைக்கு முன் வயிற்று வலி வருமா? இதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லுங்கள், பின்னால் சிகிச்சைக்கு உதவும்.

அப்படியானால் மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் சாப்பிட ஆரம்பித்துவிடுவாளா? மாட்டாள். எடை மிகக் குறைந்திருக்கும் நிலையில் இம்மாத்திரைகள் எடையைக் கூட்டியதாக ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. எடை தேறிய பிறகு கொடுத்தாலாவது நோய் திரும்புவதைத் தடுக்குமா என்று 2006இல் வெளியான ஆய்வு 93 பேரிடம் ஃப்ளூஆக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சோதித்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே ஒழுங்காகச் சாப்பாடு ஏறி, எடை தேறிச் சில வாரங்கள் போகட்டும். அதன் பிறகும் தங்குகிற சோர்வையும் பதற்றத்தையும் தனி நோயாகக் கருதி வைத்தியம் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் மட்டும் இந்த வரிசை கிடையாது, அன்றே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மகள் ஒரு வருடமாக எடை குறைந்துகொண்டே போகிறாள். ஆனால் ‘குண்டாகிவிடுவேன்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. ‘ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சுடுதுப்பா, உப்புசமா இருக்கு’ என்பாள். எண்டோஸ்கோபி, ஸ்கேன் எல்லாம் நார்மல். இப்போது மனநல மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள். பயமே இல்லாதவளுக்கு இந்த நோய் எப்படி வரும்?
*ஒரு தந்தை, கோயம்புத்தூர்*

பதில்: வரும். ஆசியாவில் இது புதிதல்ல. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993இல், அனோரெக்ஸியா உள்ள 70 சீன நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 41 பேருக்குக் குண்டாகும் பயம் இல்லை. அவர்கள் சொன்ன காரணம் உங்கள் மகள் சொல்வதுதான்: வயிறு உப்புசம், பசியில்லை. மேலைநாட்டு நோய் இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் இவர்கள் நோயாளிகளே இல்லை என்று ஆகிவிடும். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு திருத்தப்பட்டபோது, வாயால் பயத்தைச் சொல்லாவிட்டாலும் எடை கூடவிடாமல் தடுக்கும் நடவடிக்கை தொடர்ந்து இருந்தாலே போதும் என்று இலக்கணத்தை விரித்தார்கள். மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போதே நீங்கியது.

உப்புசம் பொய்யுமல்ல. குறைவாகச் சாப்பிட்டுப் பழகிய இரைப்பை மெதுவாகவே காலியாகும், குடலும் மந்தமாகும், மலச்சிக்கல் வரும். இரண்டு இட்லி தின்றால் இரண்டு மணி நேரம் கல் மாதிரி இருக்கும். அதனால் இன்னும் குறைப்பாள், குறைத்தால் இன்னும் மந்தமாகும். இந்தச் சுழலை அறுப்பது ஒழுங்கான உணவுதான். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இரைப்பை பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. அதுவரை ஒரே வேளையில் நிறையத் திணிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுக்க வேண்டும்.

மனநலத் துறைக்குப் போகுமுன் சில நோய்கள் இல்லையென்று உறுதி செய்துகொள்வது அவசியம். நம் ஊரில் காசநோய் முதலில் வரும். பிறகு தைராய்டு மிகைச் சுரப்பு, நீரிழிவு, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், குடல் அழற்சி. இவற்றுக்கான பரிசோதனை பெரும்பாலும் ஏற்கெனவே முடிந்திருக்கும். இல்லாவிட்டால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் ஒரு தவறான நிம்மதி வேண்டாம். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது என்பதால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. உடல் கடைசி வரை ரத்தத்தின் அளவுகளைச் சமாளித்துக் காட்டும். ரத்த அறிக்கை ஒழுங்காக இருக்கும் நாளிலேயே நாடித்துடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். பகலில் விழித்திருக்கும்போது அவள் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். வளரிளம் பருவத்தினருக்கு 50க்குக் கீழே இருந்தால், எழுந்து நின்றதும் கண் இருட்டி மயங்கினால், குந்தி உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ முடியாவிட்டால், தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தால், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஈ.சி.ஜி.யும் பொட்டாசியமும் உடனே பார்க்க வேண்டும்.

கேள்வி: மகள் மெலிந்ததும் மாதவிலக்கு நின்றுவிட்டது. ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள், மாதாமாதம் ஒழுங்காக வருகிறது. குணமாகிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளலாமா?
*ஒரு தாய், சேலம்*

பதில்: கூடாது. மாத்திரை நின்றதும் வருகிற உதிரப்போக்கு மாத்திரையின் விளைவு மட்டுமே. சினைப்பை தானாக வேலை செய்வதற்கு அது சாட்சியல்ல. உடலில் கையிருப்பு இல்லாததால் மூளை மாதவிலக்கை நிறுத்தி வைத்திருக்கிறது, அந்த எச்சரிக்கை விளக்கை மாத்திரை மூடிவிடுகிறது. எலும்புக்கும் அந்த மாத்திரை பலன் தருவதில்லை. வாழ்நாளுக்கான எலும்பு பெரும்பாலும் 20 வயதுக்குள் சேர்ந்துவிடும். அந்த வயதில் எடை குறைந்து கிடந்தால் இழப்பை முழுக்க ஈடுகட்டுவது கடினம். ஆறு மாதத்துக்கு மேல் மாதவிலக்கு நின்றிருந்தால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுங்கள். மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். எடை தேறித் தானாக மாதவிலக்கு திரும்புவதுதான் நம்ப வேண்டிய அடையாளம்.

கேள்வி: மருத்துவர், ‘அட்மிஷன் தேவையில்லை, வீட்டிலேயே பெற்றோர் பொறுப்பெடுத்துச் சாப்பிட வையுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். கெஞ்சியும் பார்த்தோம், அடித்தும் பார்த்தோம். அவளுக்கு 15 வயது. என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.
*பெற்றோர், மதுரை*

பதில்: அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அது பயத்தைக் கூட்டும், பயம் கூடினால் தொண்டை அடைக்கும்.

மருத்துவர் சொன்ன முறைக்குக் குடும்பச் சிகிச்சை என்று பெயர். லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு 121 வளரிளம் பருவத்தினரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்தச் சிகிச்சையையும் மற்றதற்குத் தனிநபர் ஆலோசனையையும் கொடுத்தது. சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து முழுமையாகத் தேறியிருந்தவர்கள் முதல் பிரிவில் 49 சதவீதம், இரண்டாவதில் 23 சதவீதம். பெற்றோர்தான் நோய்க்குக் காரணம் என்ற பழைய எண்ணத்தை இந்த முறை ஏற்பதில்லை. பெற்றோரே மருந்து கொடுப்பவர்கள் என்று எடுத்துக்கொள்கிறது.

தொடங்குமுன் ஒரு கட்டாயம். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு, அதிலும் மாவுச்சத்து, போனால் இன்சுலின் ஏறி ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அவை சரிந்தால் இதயம் தடுமாறும், மூச்சு வாங்கும், கால் வீங்கும், உயிரே போகலாம். போர்க்கைதிகளை விடுவித்துச் சோறு போட்டபோது கண்ட ஆபத்து இது. பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவர்கள், சில மாதங்களில் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்கள் வீட்டில் தொடங்கக் கூடாது. மற்றவர்களும் தொடங்குமுன்பும், முதல் பத்து நாளில் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் இந்த மூன்று அளவுகளையும் பார்க்க வேண்டும். தயமின் என்ற பி1 வைட்டமினை முன்கூட்டியே தரச் சொல்வார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

இனி சாப்பாடு. மூன்று வேளை உணவு, நடுவில் மூன்று சிற்றுண்டி. என்ன, எவ்வளவு என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்து, நீங்களே தட்டில் போட வேண்டும். சமைக்கும்போது அவள் அடுப்படியில் நிற்க வேண்டாம், அங்கே எண்ணெயும் அளவும் குறைந்துவிடும். அளவைப் பெருக்குவதைவிடச் சத்தை அடர்த்தியாக்குவது எளிது. மோருக்குப் பதில் தயிர், ஸ்கிம்டு பாலுக்குப் பதில் கொழுப்புள்ள பால், இட்லிப் பொடிக்குத் தாராளமாக நல்லெண்ணெய், பருப்புச் சாதத்தில் இரண்டு தேக்கரண்டி நெய், கஞ்சியில் வறுத்த வேர்க்கடலைப் பொடி. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, வாழைப்பழம், சுண்டல் சிற்றுண்டிக்கு ஏற்றவை. வெள்ளரிக்காயும் சூப்பும் வயிற்றை நிரப்பிவிட்டு ஒன்றும் தராது. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடம் குடமாகக் குடிக்கவிடாதீர்கள்.

பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்கு 30 முதல் 45 நிமிடம், சிற்றுண்டிக்கு 20 நிமிடம். கலோரி, எடை, உடம்பு பற்றி அந்த நேரத்தில் ஒரு வார்த்தையும் வேண்டாம். வாதத்தில் நீங்கள் ஜெயிக்க முடியாது, நோய் சளைக்காமல் பேசும். ‘இது உனக்கு மருந்து. கஷ்டமா இருக்குன்னு தெரியுது. நான் இங்கேயே இருக்கேன், அடுத்த வாய் எடுத்துக்கோம்மா’ என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் அதே குரலில் சொல்லுங்கள். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் கூட இருங்கள், குளியலறைக்குத் தனியாகப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சோறு துப்பட்டாவிலும் டிஷ்யூவிலும் ஜன்னலுக்கு வெளியேயும் போகலாம். கண்டுபிடித்தால் கத்தாதீர்கள், மறுபடி பரிமாறுங்கள்.

பள்ளி விளையாட்டு, நடனம், யோகா எல்லாம் மருத்துவர் அனுமதிக்கும்வரை நிறுத்தம். நின்றுகொண்டே படிப்பது, மாடிப்படி ஏறி இறங்குவது, குளிரில் போர்த்தாமல் கிடப்பது இவையும் சக்தியை எரிக்கும் மறைமுக வழிகள். சமீபத்தில் பிடித்த விரதம், நோய்க்குப் பின் திடீரென்று விட்ட அசைவம் இரண்டையும் நோயின் கணக்கில் எழுதுங்கள். சஷ்டி விரதம் இருக்கட்டுமே என்று பாட்டி சொன்னால், உடம்பு தேறிய பிறகு என்று அவருக்குத் தனியாகப் புரிய வையுங்கள். ‘இப்பதான் முகம் பூரிச்சு நல்லா இருக்கே’ என்று கல்யாண வீட்டில் யாராவது சொன்னால் அவள் காதில் ‘குண்டாகிவிட்டாய்’ என்று விழும். உறவினர்களுக்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது. அண்ணன் தம்பியைக் காவலுக்கு வைக்காதீர்கள், அவர்கள் அவளோடு சீட்டு விளையாடினால் போதும்.

எடை வாரம் ஒருமுறை, ஒரே தராசில், சிறுநீர் கழித்த பின், மெல்லிய உடையில். பையில் கல்லும் வயிற்றில் தண்ணீரும் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். முதல் நான்கு வாரத்தில் 2 கிலோவுக்குச் சற்று மேல் ஏறினால் நல்ல அறிகுறி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஏறாவிட்டால் அளவைக் கூட்ட வேண்டும், அல்லது மருத்துவமனை தேவைப்படலாம்.

பெரும்பாலான வீடுகளில் சறுக்குவது மூன்று இடங்களில். அப்பா கண்டிப்பாக இருக்க அம்மா இரங்கிவிடுவது, அல்லது நேர்மாறு. எடை ஓரளவு ஏறியதும் ‘இனி நீயே பார்த்துக்கொள்’ என்று பொறுப்பைச் சீக்கிரம் திருப்பிக் கொடுப்பது. குறைந்தபட்ச எடையில் நின்றுவிடுவது. நோய்க்கு முன் அவளுடைய வளர்ச்சிக் கோடு எங்கே போய்க்கொண்டிருந்தது என்று மருத்துவர் வரைபடத்தில் பார்ப்பார். அவள் திரும்பிச் சேர வேண்டிய இடம் அதுதான். முழுச் சிகிச்சைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 20 வயது, ஹாஸ்டலில் இருக்கிறேன். பகலெல்லாம் சாப்பிடாமல் இருந்துவிட்டு ராத்திரி கைக்குக் கிடைத்ததையெல்லாம் தின்றுவிடுகிறேன். பிறகு வாந்தி எடுக்கிறேன், சில நாள் பேதி மாத்திரையும் போடுகிறேன். மூன்று வருடமாக யாருக்கும் தெரியாது. எடை நார்மலாகத்தான் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.
*ஒரு மாணவி, சென்னை*

பதில்: இதற்குப் பெயர் புலிமியா. 1979இல் லண்டன் மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் இதைத் தனி நோயாக விவரித்தார். எடை இயல்பாக இருப்பதால்தான் இது வருடக்கணக்கில் வெளியே தெரிவதில்லை. வெட்கப்பட வேண்டிய குணக்கேடு அல்ல. நல்ல சிகிச்சை உள்ள நோய்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்டது. வாந்தியும் பேதியும் பொட்டாசியத்தை இறக்கும், அது இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். இந்த வாரமே பொட்டாசியம் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். நெஞ்சு படபடப்பு, கால் தசை தளர்ச்சி, மயக்கம், வாந்தியில் ரத்தம் வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாந்திக்குப் பின் உடனே பல் துலக்காதீர்கள், அமிலத்தில் ஊறிய பல் பூச்சு தேய்ந்து போகும். ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

பேதி மாத்திரை நீங்கள் நினைக்கிற வேலையைச் செய்வதில்லை. உணவின் சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், மாத்திரை வேலை செய்வது பெரும்பாலும் பெருங்குடலில். போவது தண்ணீரும் பொட்டாசியமும்தான். நிறுத்தியதும் ஒன்றிரண்டு வாரம் உடல் நீர் கோத்து வீங்கியதுபோல் இருக்கும். அது கொழுப்பல்ல, வடிந்துவிடும். இதை முன்பே தெரிந்துகொள்ளாதவர்கள் அந்த வாரத்தில் பயந்து மறுபடி மாத்திரைக்குப் போய்விடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தின் சாவி ‘பகலெல்லாம் சாப்பிடாமல்’ என்பது. ராத்திரி நடப்பதற்கு மனவுறுதிக் குறைவு காரணமல்ல, பகல் பட்டினியே காரணம். ஆக்ஸ்போர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சை, பொதுவாக 20 வாரத்தில் 20 அமர்வுகள், இங்கிருந்துதான் தொடங்குகிறது. மூன்று வேளை உணவு, இரண்டு அல்லது மூன்று சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. முந்தின ராத்திரி அள்ளித் தின்றிருந்தாலும் காலை டிபனைத் தவிர்க்கக் கூடாது. கடினமான விதி இதுதான், பலன் தருவதும் இதுதான். ஒரு நோட்டில் சாப்பிட்ட உடனே எழுதுங்கள்: மணி, என்ன உணவு, எங்கே, கட்டுப்பாடு போனதா, அப்போது மனதில் என்ன. ராத்திரி மொத்தமாக எழுதினால் பயனில்லை. இரண்டு வாரத்தில் எந்த நேரம், எந்த வருத்தம், யாருடைய போன் அழைப்பு உங்களைத் தள்ளுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

மருந்தும் உண்டு. ஃப்ளூஆக்ஸெடின் இந்த நோயில் மனச்சோர்வுக்குத் தரும் 20 மில்லிகிராமைவிட 60 மில்லிகிராம் அளவில் நன்றாக வேலை செய்வதாக 1992இல் 387 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், கடையில் வாங்கிப் போடாதீர்கள். புப்ரோபியான் என்ற மாத்திரை மட்டும் உங்களுக்குக் கூடாது, வலிப்பு வரலாம். அதனால்தான் மனச்சோர்வுக்கு மட்டும் வைத்தியம் கேட்டுவிட்டு வாந்தியை மறைப்பது ஆபத்து. அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரை நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் புலிமியா வந்தவர்களில் 94.5 சதவீதத்தினருக்கு இன்னொரு மனநோயும் இருந்தது. பதற்றம், மனச்சோர்வு, குடி எல்லாம் சேர்ந்தே வருகின்றன. இரண்டையும் ஒரே மருத்துவரிடம் சொல்லுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையில், 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

கேள்வி: இது பணக்கார வெள்ளைக்காரப் பெண்களின் நோய், இப்போது இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த நாகரிகம் என்கிறார்களே, உண்மையா?
*ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்*

பதில்: பாதி உண்மை. ஊடகத்துக்குப் பங்கு உண்டு என்பதற்கு நல்ல சான்று பிஜித் தீவிலிருந்து வந்தது. நாட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்த புதிதிலும் 1998இலும் ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளிச் சிறுமிகளை ஆராய்ந்தார். உணவு மனப்பான்மைச் சோதனையில் அபாய மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆனார்கள். எடை குறைக்க வாந்தி எடுப்பவர் முதலில் ஒருவரும் இல்லை, மூன்று வருடத்தில் 11.3 சதவீதம். சென்னையிலும் மருத்துவ மாணவர்கள் 210 பேரிடம் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரிடம் உணவு சார்ந்த மன உளைச்சல் காணப்பட்டது. அப்போது இன்ஸ்டாகிராம் பிறக்கவே இல்லை.

ஆனால் ஒரே வீடியோவைப் பார்க்கும் நாற்பது பேரில் ஒருத்தி மட்டும் ஏன் விழுகிறாள்? அங்கே மரபணு வருகிறது. 17 நாடுகளில் அனோரெக்ஸியா உள்ள 16,992 பேரையும் இல்லாத 55,525 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. எட்டு மரபணு இடங்கள் அகப்பட்டன. எண்ணச் சுழற்சி நோய், மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றோடு பொது மரபணு இழை தெரிந்தது. எதிர்பாராதது இன்னொன்று: இன்சுலின், கொழுப்பு, உடல் எடை சார்ந்த மரபணுக்களோடும் உறவு இருந்தது. ஆக இது மனதின் நோய் மட்டுமல்ல, உடல் சக்தியைக் கையாளும் விதத்தின் நோயாகவும் இருக்கலாம். மற்றவர்கள் டயட்டில் நாலு நாளில் பசி தாங்காமல் நிறுத்திவிடுவார்கள், சிலருக்கோ பட்டினியில் பதற்றம் அடங்குகிறது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் மக்களிடம் இந்த அளவில் ஆய்வு நடப்பது மிகவும் அவசியம்.

வகுப்பறையில் நீங்கள் செய்யக்கூடியது: மாணவர்களை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து உரக்க வாசிக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். டிபன் பாக்ஸைத் திறக்காத பிள்ளையைக் கவனியுங்கள். பையன்களையும் கவனியுங்கள். மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கெடுப்பில் அனோரெக்ஸியா, புலிமியா வந்தவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஆண்.

கேள்வி: மகனுக்கு 7 வயது. சோறு, பாண் (பிரெட்), பிஸ்கட் தவிர வேறொன்றும் வாயில் வைக்க மாட்டான். குழம்பு பட்டாலே ஓங்காளிக்கிறான். உயரம் கூடவில்லை. இதுவும் அதே நோயா?
*ஒரு தாய், யாழ்ப்பாணம்*

பதில்: வேறு நோய். இதில் உடல் தோற்றக் கவலை இருக்காது. உணவின் மணம், பதம், நிறம் தாங்காமலோ, ஒருமுறை புரையேறிய பயத்தாலோ தவிர்ப்பார்கள். உயரமோ எடையோ நின்றுபோனாலும், சத்துக் குறைந்தாலும், அன்றாட வாழ்க்கை பாதித்தாலும் இதை நோய் என்கிறோம், உங்கள் மகனுக்கு உயரம் நின்றிருக்கிறது. ஆட்டிசம், பதற்றம் உள்ள பிள்ளைகளிடம் அதிகம், ஆகவே அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். இரும்பு, வைட்டமின் அளவுகளைப் பார்க்க வேண்டும். வற்புறுத்தித் திணித்தால் ஓங்காளிப்பு கூடும். பிடித்த உணவுக்கு மிக அருகிலிருப்பதைப் பழக்குங்கள்: பாணுக்குப் பிறகு வாட்டிய பாண், பிறகு அதில் மெல்லிய பட்டர் பூச்சு. புதியதை முதலில் தட்டின் ஓரத்தில் வைப்பது, பிறகு தொடுவது, மணப்பது, நக்குவது. ஒரு உணவுக்குப் பத்துப் பதினைந்து தடவை வேண்டியிருக்கும். குழந்தை நல மருத்துவரிடம் முதலில் போங்கள். உங்கள் மனம் தளர்ந்தால் இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926.

கேள்வி: என் தங்கைக்கு 29 வயது, 11 வருடமாக அனோரெக்ஸியா. மூன்று முறை அட்மிட் செய்தோம். இனி என்ன செய்தாலும் பயனில்லை என்று வீட்டில் கைவிட்டுவிட்டார்கள்.
*ஓர் அக்கா, வேலூர்*

பதில்: கைவிடாதீர்கள் என்று நாங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. பாஸ்டனில் பெண் நோயாளிகளை 20 வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அனோரெக்ஸியா உள்ளவர்களில் 9 வருடத்தில் குணமாகியிருந்தவர்கள் 31.4 சதவீதம்தான். 22ஆம் வருடத்தில் அது 62.8 ஆகியிருந்தது. அதாவது பத்து வருடத்துக்குப் பிறகும் தேறுகிறவர்கள் நிறையப் பேர்.

அதுவரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய வேலை. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கணக்குப்படி அனோரெக்ஸியா உள்ளவர்களின் இறப்பு, அதே வயதினரைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். ஆகவே தங்கையிடம், ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டுங்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இத்தனை வருட நோயில் ஒரே தாவலில் முழு எடை என்று இலக்கு வைத்தால் அவள் மருத்துவரையே தவிர்ப்பாள். மாதம் ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், பொட்டாசியம், பாஸ்பேட், வருடம் ஒருமுறை ஈ.சி.ஜி.யும் பல் பரிசோதனையும், ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை எலும்பு அடர்த்தி என்று ஒரு ஒப்பந்தத்துக்கு அவளைச் சம்மதிக்க வையுங்கள். கூடவே பதற்றத்துக்கும் எண்ணச் சுழற்சிக்கும் தனியாகச் சிகிச்சை. கடந்த மூன்று அட்மிஷன்களில் அது நடந்ததா என்று டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். எடையை ஏற்றி மட்டும் அனுப்பியிருந்தால் அடுத்த மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது அதுதான். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசுத் தலைமை மருத்துவமனையிலேயே மனநல மருத்துவர் இருப்பார். மருத்துவக் காப்பீடு இருந்தால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.